சுகர் லேண்டில் எழுதிய பனியாற்றுக் கையேடு

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. மகள் தலையில் அடித்துச் சொல்லலாம் என்றால் அவள் தலையைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். அதனால் என் வழுக்கையில் நானே ஓங்கி அடித்துச் சொல்கிறேன்.

பனியாறு காட்டிப் பிழைக்கிறவனுக்கு இரண்டு பொருள் வேண்டும்: கழுத்துவரை மூடும் ஒரு கோட்டு, மூடவே மூடாத ஒரு வாய். கோட்டு மாப்பிள்ளையிடம் இரவல் வாங்கியது. வாய் என் சொந்தம். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, கார் ஓட்டத் தெரியாமல், ஆளே இல்லாத நடைபாதையில் காலையும் மாலையும் சுற்றிக்கொண்டிருக்கும் சக கைதிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டால் நம் வாய் என்னென்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு தடவை போனவன்

ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சுகர் லேண்டில் ஒரு வளைகாப்பு. சிவநேசன் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் எங்களுக்கு அடுத்த தெரு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களைக் கப்பலில் ஏற்றி அலாஸ்காவுக்கு அழைத்துப்போவது அவர் தொழில். கையில் சாப்பாட்டுத் தட்டோடு புலம்பிக்கொண்டிருந்தார். கப்பலில் இங்கிலீஷில் சொல்கிற விளக்கம் பெரியவர்களுக்குப் புரிவதில்லையாம். பனியாற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, கப்பலில் தயிர்சாதம் உண்டா என்று விசாரிக்கிறார்களாம். தமிழில் எடுத்துச் சொல்ல விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.

"அலாஸ்காவா? நான் ரெண்டு தடவை போயிருக்கேனே" என்றேன். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையில் பாயசம் இருந்தது, எதிரே நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன வேண்டும் எனக்கு? அதுவரை நான் பார்த்ததிலேயே குளிரான இடம் இந்தியன் கடையில் உறைந்த பரோட்டா அடுக்கியிருக்கும் அலமாரிதான். சிவநேசன் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை அடுத்த தெருவில வைச்சுக்கொண்டு நான் ஊரெல்லாம் ஆள் தேடித் திரியிறன், அண்ணை!"

புத்தகத்தின் முதல் பாதி

பயணிகள் கையில் கொடுக்க ஒரு கையேடு எழுதச் சொன்னார். கப்பல் போகிற வழியில் பதினொரு பனியாறுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், என்ன நிறம், எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று தமிழில் வேண்டும். ஊரில் நான் அரசாங்க உத்தியோகத்தில் வரைபடம் வரைந்தவன். ஆறுகளை எல்லாம் வரைந்து தள்ளியிருக்கிறேன். பனியாறும் ஆறுதானே என்று நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் எடுத்துவந்து உட்கார்ந்தேன். பனியாறு என்பது உறைந்துபோன ஆறு இல்லை. மலைமேல் காலங்காலமாக விழுந்த பனி இறுகி, தன் கனம் தாங்காமல் கீழ்நோக்கி நகர்வது, நாளுக்கு ஒரு முழம், அரை முழம் என்று. இதை நீங்கள் நம்பலாம், புத்தகத்தில் போட்டிருந்தது.

ஆறு பனியாறுகளை முடித்திருந்தேன். நூலகத்திலிருந்து செய்தி வந்தது: வேறொருவர் புத்தகத்துக்குக் காத்திருக்கிறார், உடனே திருப்பித் தரவும். தந்துவிட்டேன். மீதி ஐந்துக்கும் நானே பொறுப்பு. ஆங்கிலப் பெயர்கள் நம்மவர்கள் வாயில் நுழையாதென்று நானே பெயர் வைத்தேன். எதிரெதிரே நின்று ஒன்றையொன்று பார்க்காத இரண்டுக்குச் 'சம்பந்திகள்'. புத்தகத்தைப் பார்த்து எழுதிய நீளமான ஒன்றுக்கு 'நெட்டையன்', அதற்கு நாலே வரி. சொந்தக் கற்பனையில் வார்த்த ஒன்றுக்கு 'வெண்பொங்கல்', அதற்கு இரண்டு முழுப் பக்கம். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய நல்ல தமிழ் அந்த இரண்டு பக்கம்தான். என் மகள் கவிதா பிரிண்ட் எடுத்துக்கொண்டே அட்டையை ஒரு தடவை உரக்கப் படித்தாள்.

"அப்பா, 'ஆசிரியரின் நேரடி அனுபவம்'னு போட்டிருக்கீங்களே, எந்த ஆசிரியர்?"

ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு போன்

கையேடு பயணிகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரம், எங்களுக்கு நாலு மணி நேரக் கார் தூரத்து ஃபிரிஸ்கோவிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். பெயர் மெர்சி. பாளையங்கோட்டையில் பூகோள டீச்சராக முப்பத்துநாலு வருஷம். இப்போது மகள் ஷீலா வீட்டில் இருக்கிறார். கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறதாம், நேராகப் பார்த்தால் மங்கல், ஓரத்தில்தான் கொஞ்சம் தெரிகிறது. அடுத்த வருஷம் அதுவும் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு பனியாற்றைப் பார்த்துவிட வேண்டும். என் கையேட்டை ஷீலா மூன்று தடவை வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

டீச்சருக்கு வேண்டியது ஒரு கறுப்புக் கோடு. இரண்டு பனியாறுகள் ஓரங்களில் கல்லும் மண்ணும் சுமந்துகொண்டு வரும். அவை சேருகிற இடத்தில் இரண்டு ஓரமும் ஒன்றாகி, நடுவில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு விழும். வருஷா வருஷம் கரும்பலகையில் வெள்ளைச் சாக்கில் ஆற்றையும் பழுப்புச் சாக்கில் கோட்டையும் போட்டுக் காட்டியவர், நேரில் கண்டதில்லை. மூன்றாம் நாள் துறைமுகத்திலிருந்து இரண்டு சிறு படகுகள் கிளம்பும், ஒன்று நெட்டையனுக்கு, இன்னொன்று வெண்பொங்கலுக்கு. ஏதாவது ஒன்றில்தான் ஏற முடியும். "எதுல கோடு நல்லாத் தெரியும் சார்?" என்று கேட்டார்.

தெரியாது என்பது ஒரே சொல். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: நூலகப் புத்தகத்தில் நெட்டையன் படத்தில் அந்தக் கோடுகளை நான் பார்த்திருந்தேன், நன்றாக ஞாபகமும் இருந்தது. ஆனால் நெட்டையனை எழுதியவன் வேறு எவனோ. வெண்பொங்கலை எழுதியவன் நான். "வெண்பொங்கல்தாம்மா. கோடு ஒவ்வொண்ணும் மை தீட்டின மாதிரி இருக்கும்" என்றேன்.

"ஷீலா நெட்டையனுக்குத்தான் புக் பண்ணியிருக்கா. நீங்க ரெண்டு தடவை பார்த்தவரு, நீங்க சொன்னா சரிதான். மாத்தச் சொல்லிடுதேன் சார்."

பன்னிரண்டாம் பக்கம்

சியாட்டிலில் கப்பல் ஏறினோம், இருபத்துநாலு பேர். முதல் துறைமுகத்தில் இறங்கிக் காட்டுக்குள் ஒரு சின்ன நடை. என் கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில், பக்கம் காலியாக இருக்கிறதே என்று, 'பெருங்காய வாசனை பட்டால் கரடி அந்தத் திசைக்கே வராது' என்று ஒரு வரி போட்டிருந்தேன். குபெர்டினோவிலிருந்து வந்த சரோஜா மாமி ஒரு முழு டப்பாவை வெந்நீரில் கரைத்து, கோட்டிலும் தொப்பியிலும் தடவிக்கொண்டு வந்து நின்றார். கேட்டவர்களுக்கும் கொடுத்தார். எல்லோரும் கேட்டார்கள்.

காட்டிலாகாப் பெண் எங்களிடமிருந்து பத்தடி தள்ளியே நடந்தாள். இரண்டு தடவை நின்று தன் காலணியைத் தூக்கிப் பார்த்தாள். மெர்சி டீச்சர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரித்தார். கரடி வரவில்லை. அந்த மாதத்தில் அங்கே வருவதே அபூர்வம் என்று அந்தப் பெண் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுவரை என்னைச் சந்தேகப்பட்ட நாலைந்து பேரும் அன்றைக்கு என் கட்சிக்கு வந்துவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். சரோஜா மாமி கூவக் கூவ, நான் கையேட்டைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

"ஒரு கரடி வந்துதா பாருங்கோ! மாமா எழுதினது அப்படியே பலிச்சுடுத்து!"

நாதஸ்வரம்

மூன்றாம் நாள். இருபத்துநாலு பேரில் இருபத்திரண்டு பேர் வெண்பொங்கல் படகில் ஏறினார்கள். நெட்டையனுக்குப் போனவர்கள் ஒரு தம்பதி, கையேட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள். படகு குடாவுக்குள் நுழையும்போதே பனிமூட்டம் கவிந்து, முன்னால் நிற்கிறவரின் தொப்பிகூடத் தெரியவில்லை. படகை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

சுகர் லேண்ட் ராமநாதன் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். எதையும் விதிப்படி செய்கிறவர். 'மங்கல இசை ஒலித்தால் பனிச்சுவர் உடைந்து கடலில் விழும்' என்று நான் நாற்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். மனிதர் போனில் நாதஸ்வரத்தை உச்சத்தில் வைத்து, கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கெட்டிமேளம் வந்தது, போனது. ஒரு துண்டும் விழவில்லை. படகில் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, தலை குனிந்து கடைசிவரை நின்றாள். முடிந்ததும் என் அருகில் வந்து மெல்லிய குரலில் கேட்டாள்.

"ரொம்ப அழகாக இருந்தது. இறந்துபோனவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

கோலம்

ஒரு மணி நேரம் போனபின் மூட்டம் கொஞ்சம் விலகியது. எதிரே பாறை. மொட்டைப் பாறை. அதற்கு மேலே, எட்டாத உயரத்தில், துவைத்துப் பிழிந்து காயப்போட்ட கைக்குட்டை மாதிரி அழுக்கு வெள்ளையில் ஒரு திட்டு. அதுதான் என் வெண்பொங்கல். பனி கடலைவிட்டுப் பின்வாங்கிப் பல வருஷம் ஆகிறதாம், உள்ளே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூலகப் புத்தகத்தின் அடுத்த பாதியில் அது இருந்திருக்கும்.

டீச்சர் என்னோடு பின்தளத்தில் நின்றார். எஞ்சின் சத்தத்தில் ஒலிபெருக்கி அவர் காதுக்கு எட்டவில்லை. ஷீலாவுக்குக் குமட்டல், உள்ளே படுத்திருந்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து, கடைக்கண்ணால் எதையோ பிடிக்கப் பார்த்தார். "முன்னால வெள்ளையா ஒரு மங்கல்தான் தெரியுது. உங்களுக்குத் தெரியுதுல்லா? எத்தனை கோடு சார்?"

"மூணும்மா" என்றேன். அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் என்றைக்கு நிறுத்தியது? "மூணும் மலையிலேருந்து இறங்கி வருது. வலப்பக்கத்துக் கோடு இடப்பக்கம் போகுது, இடப்பக்கத்துது வலப்பக்கம் வருது, நடுவுல ஒண்ணையொண்ணு வெட்டி, வளைஞ்சு, மறுபடி வெட்டி, சிக்குக்கோலம் போட்ட மாதிரி இருக்கும்மா!" முதல் வரிக்கு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். 'வெட்டி' என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. கம்பியிலிருந்து கையை எடுத்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பனியாத்துல கோடு ஒண்ணையொண்ணு வெட்டாது சார். பக்கத்துல பக்கத்துல ஓடும், வெட்டாது."

சாப்பாட்டு மேஜை

அன்று சாயங்காலம் கப்பல் அந்தத் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிவிட்டது. இனி அந்தப் பக்கம் திரும்பாது. சாப்பாட்டு மேஜையில், நெட்டையனுக்குப் போன தம்பதி போனில் படம் காட்டினார்கள். கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கும் நீலச் சுவர், அதன் மேலே தூரத்து மலைவரைக்கும் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகள். போன் கைமாறிக் கைமாறி வந்தது. மெர்சி டீச்சர் கையில் அது கொஞ்ச நேரம் இருந்தது. முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார், ஓரமாகப் பிடித்துப் பார்த்தார். அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்.

முணுமுணுப்பு கிளம்பியது. ராமநாதன் கையேட்டை என் முன்னால் வைத்து நாற்பதாம் பக்கத்தைத் திறந்தார். சிவநேசன் என் காதருகே குனிந்து, "அண்ணை, அங்க ஐஸே இல்லையெண்டு சொல்லினம். நீங்கள் எந்த வருசம் போனனீங்கள்?" என்று கேட்டார். வாய்க்கு வசதியாக ஒரு வருஷம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் மேஜையின் மறுகோடியிலிருந்து, முப்பத்துநாலு வருஷம் வகுப்பை அடக்கிய குரல் வந்தது. எல்லோரும் கரண்டியை எடுத்தார்கள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"பனிமூட்டத்துக்கு சார் என்ன செய்வாரு? ஆறுததுக்குள்ள சாப்பிடுங்க எல்லாரும்."

சிவநேசனின் கணக்கு

வீடு திரும்பி ஒரு வாரம் நடைபாதைக்குக்கூடப் போகவில்லை. எட்டாம் நாள் சிவநேசன் வீட்டுக் கதவைத் தட்டினேன். கராஜில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "நான் அலாஸ்கா பார்த்ததே இந்தத் தடவை உங்களோட வந்தப்பதான். அதுக்கு முன்னால போனதே இல்லை" என்றேன். மனிதர் ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் அந்த டீச்சர் அம்மா நெட்டையனை விட்டது என் பேச்சைக் கேட்டா என்றார். ஆமாம் என்றேன்.

உட்கார்ந்தபடியே பக்கத்துப் பெட்டியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். கடைசியில் எழுந்து, ஆகஸ்டில் இன்னொரு குழு போகிறது, அதில் எனக்கு ஓர் இடம் போடுவதாகச் சொன்னார். நெட்டையன் படகில் மட்டும்தான் நான் ஏற வேண்டும், அதுதான் நிபந்தனை. அவர் சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"ரெண்டு தரம் போனனான் எண்டுதானே சொன்னனீங்கள்? ஒருக்கா முடிஞ்சுது. மற்றதையும் முடிச்சு, சொன்னதை உண்மையாக்கிப்போட்டு வாங்கோ அண்ணை."

பேசாத கைடு

ஆகஸ்டில் வானம் பளிச்சென்று இருந்தது. நெட்டையன் முன்னால் படகு நின்றது. அதை வர்ணிக்கப் போவதில்லை. வர்ணித்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். பழைய உத்தியோகத்துப் பென்சிலையும் அட்டையையும் எடுத்து, எண்ணத் தொடங்கினேன். நாலு கோடு. மறுபடி எண்ணினேன், நாலு. படகு திரும்பும்போது மூன்றாம் முறை, நாலுதான். ஹூஸ்டன் ஃப்ரீவேயில் லேன் பிரிக்கிற மாதிரி ஒன்றையொன்று தொடாமல் நாலும் இறங்கி வந்தன. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் லேன் மாறவில்லை.

எந்தக் கோடு தடிமன், எது மெலிசு, எங்கே வளைகிறது என்று அளவோடு குறித்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள், இது என்ன, அது ஏன் நீலம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். மற்றதற்கெல்லாம் "தெரியாது" என்றேன். பழக்கமில்லாத சொல், முதல் நாலு தடவை தொண்டையில் மாட்டியது. பின்னால் ஒரு கோயம்புத்தூர் அம்மாள் தன் கணவரிடம் முறையிடுவது கேட்டது.

"இவருதான் கைடாமா? எதைக் கேட்டாலும் தெரியாதுங்கறாருங்க. இதுக்கு நம்ம பையனையே கூட்டிட்டு வந்திருக்கலாம்!"

அஞ்சு

படத்தைப் பெரிய அட்டையில் வரைந்து, நாலு கோடுகள் மேலும் கறுப்பு நூலை ஒட்டினேன். தடிமனான கோட்டுக்கு முறுக்கிய நூல், மெலிசுக்கு ஒற்றை நூல். கவிதா லீவு போட்டு ஃபிரிஸ்கோவரை காரோட்டினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஷீலா கதவைத் திறந்தாள். டீச்சர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இப்போது வாசலில் நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் தெரிகிறது அவருக்கு. "டீச்சர், உங்களுக்கு வெண்பொங்கலைச் சொன்னேனே, அப்போ நான் அலாஸ்கா போனதே இல்லை. நெட்டையன்ல கோடு இருக்குன்னும் தெரியும். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்" என்றேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வரியும் வரவில்லை.

"கோலம் போட்டீங்கள்லா, அப்பவே தெரியும் சார்" என்றார். "எனக்கு இருந்தது ஒரு தடவைதான். அது போச்சு. அதை ஒண்ணும் செய்ய முடியாது." இல்லை, பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அட்டையை அவர் மடியில் வைத்தேன். விரல் தேடிப்போய் முதல் நூலைப் பிடித்தது. மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. இரண்டு. மூன்று. நாலு. விரல் அங்கேயே நின்றது. "நாலு கோடா? அப்போ அஞ்சு பனியாறு சேந்திருக்கு. ஷீலா, எழுதிக்கோ, அஞ்சு" என்றார். மறுபடியும் முதல் நூலுக்குப் போனார். மூன்றாம் தடவை இறங்கும்போதுதான் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நானும் முப்பத்துநாலு வருஷம் பார்க்காமத்தான் சார் போர்டுல போட்டேன். ஆனா இல்லாத கோட்டை ஒருநாளும் போட்டதில்ல."

ஆக, பதினொரு பனியாறுகளோடு கிளம்பிய என் கையேட்டின், கண்ணால் கண்டு எண்ணியதை மட்டும் வைத்துக்கொண்ட இரண்டாம் பதிப்பில் மிச்சம் நிற்பது ஒரு பனியாறும் நாலு கோடும் மட்டும்தான், சக கைதிகளே. இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று எவராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள், முதல் நாலு தடவைதான் தொண்டையில் மாட்டும்.